புர்சாவின் பழைய சந்தையை நடந்து பார்க்க: தெருவைவிடக் கதவுகளைக் கவனியுங்கள்

கேள்வி இதுதான்: இஸ்தான்புல் போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கித் துருக்கியின் இன்னொரு நகரமான புர்சாவுக்குப் போனால் அங்குள்ள பழைய சந்தையை நடந்தே பார்த்துவிட முடியுமா? எங்கே தொடங்க வேண்டும், எதை வாங்கலாம், எதில் ஏமாறுவார்கள்?

முடியும். காலையில் தொடங்கினால் ஐந்தாறு மணி நேரம் தாராளமாகப் போதும். ஆனால் போய் வந்தவர்களில் பாதிப் பேர் "நம்ம ஊர்க் கடைத்தெரு மாதிரிதான் இருக்கு, செருப்பும் கல்யாணத் துணியும்தான்" என்கிறார்கள். கூரை போட்ட பெரிய தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துவிட்டுத் திரும்பிவிடுவதால் வரும் ஏமாற்றம் அது. 1958இல் பெரிய தீ விபத்து ஒன்று இந்தச் சந்தையைத் தின்றுவிட்டது. இன்று தெருவுக்கு மேலே தெரியும் கூரையும் கடைமுகப்புகளும் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவை. பழைய புர்சா இருப்பது தெருவோரச் சுவர்களில் திறக்கும் கல்வாசல்களுக்கு உள்ளே. இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு வளைவு தெரிந்தால் தயங்காமல் நுழையுங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அதை வையுங்கள்.

அந்த வாசல்களுக்குப் பின்னால் இருப்பவை ஹான்கள். வணிகர்கள் தங்கும் சத்திரமும் சரக்குக் கிடங்கும் சேர்ந்த இரண்டு மாடிக் கட்டடம், நடுவே முற்றம். ஒவ்வொரு ஹானுக்குப் பின்னாலும் ஒரு பள்ளிவாசல் கணக்கு உண்டு. சுல்தானோ அமைச்சரோ ஒரு பள்ளிவாசலும் மதரஸாவும் கஞ்சித்தொட்டியும் கட்டினால், அவற்றை நடத்த வருமானம் வேண்டும். அதற்காக ஒரு ஹானைக் கட்டி, வாடகையை வக்ஃபாக எழுதிவைப்பார்கள். எமிர் ஹானின் வாடகை ஒட்டோமான் சுல்தான் ஓர்ஹான் காஸி கட்டிய வளாகத்துக்கு, பெதெஸ்தென் என்ற பாதுகாப்பு மண்டபத்தினது உலு ஜாமி எனப்படும் பெரிய பள்ளிவாசலுக்கு, இபெக் ஹானுடையது பச்சைப் பள்ளிவாசல் எனப்படும் யெஷில் ஜாமிக்கு. கோஸா ஹானின் வாடகை போனதோ இஸ்தான்புல்லுக்கு. சுல்தான் இரண்டாம் பயஸித் அங்கே கட்டிய பள்ளிவாசலுக்கு. இது தெரிந்தால் சந்தை குழப்பமாகவே இருக்காது.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், கூரை போட்ட சந்தையில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் உலு ஜாமிக்குள் சுற்றிப் பார்க்க முடியாது, சுற்றியுள்ள சந்துகளிலும் நெரிசல். ரம்ஜான், பக்ரீத் பெருநாள்களின் முதல் நாள் எல்லாமே அடைப்பு. செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாள்கள். கடைகள் காலை ஒன்பது, ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஏழு வாக்கில் மூடும்.

இஸ்தான்புல் எமினோனுவிலிருந்து முதான்யாவுக்குக் கடல் பேருந்து இருக்கிறது, சுமார் இரண்டு மணி நேரப் பயணம். முதான்யாவில் இறங்கி எமெக் மெட்ரோ நிலையத்துக்குப் பேருந்து, அங்கிருந்து புர்சாராய் ரயிலில் ஷெஹ்ரெகுஸ்து நிலையம். கடலில் ஒரே சிக்கல், 'லோதோஸ்' என்று அங்கே சொல்லும் தென்காற்று. அது வலுத்தால் படகுகளை ரத்து செய்துவிடுவார்கள். குளிர்காலத்தில் இது அடிக்கடி நடப்பதால் முந்தின நாள் மாலையே அறிவிப்பைப் பாருங்கள். படகு இல்லையென்றால் 2016இல் திறந்த ஓஸ்மான்காஸி பாலம் வழியாகப் பேருந்து இருக்கிறது.

இடத்தின் அமைப்பை மனதில் பதித்துக்கொண்டால் வழி தவறாது. புர்சா உலுதாக் மலையின் வடக்குச் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. சந்தைக்குத் தெற்கே, மேட்டில் அதாதுர்க் சாலை. வடக்கே, பள்ளத்தில் டிராம் ஓடும் ஜும்ஹூரியெத் சாலை. இரண்டுக்கும் நடுவே சில நூறு மீட்டர்தான். கூரைக்கு அடியில் கைபேசியின் வரைபடம் தடுமாறும், புள்ளி அடுத்த தெருவில் போய் நிற்கும். அப்போது உங்கள் கால்களை நம்புங்கள்: ஏற்றமாக நடந்தால் அதாதுர்க் சாலை, இறக்கமாக நடந்தால் டிராம் பாதை. இன்னொன்று, ஹான்களை மறைத்து நின்ற புதுக் கட்டடங்கள் பலவற்றைச் சில ஆண்டுகளுக்கு முன் இடித்துத் திறந்தவெளியாக்கிவிட்டார்கள். பழைய வழிகாட்டி நூல்களில் உள்ள படமும் நேரில் காண்பதும் அந்தப் பகுதியில் ஒத்துப்போகாது.

ஷெஹ்ரெகுஸ்துவில் இறங்கியதும் நேராகச் சந்தைக்குள் போகும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். மேலே தோப்ஹானே பூங்காவுக்கு ஏறிப் போய்விட்டு, அங்கிருந்து இறங்கி வருவதே சரியான முறை. ஏற்றம் செங்குத்துதான், முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்ஸி பிடிக்கலாம். அங்கே மணிக்கூண்டும், ஒட்டோமான் அரசை நிறுவிய ஓஸ்மான், அவர் மகன் ஓர்ஹான் இருவரின் அடக்கத்தலங்களும் இருக்கின்றன. 1326இல் புர்சாவைப் பிடித்தவர் ஓர்ஹான். பூங்காவின் விளிம்பிலிருந்து பார்த்தால் நகரம் கீழே விரிந்து கிடக்கும். உலு ஜாமியின் குவிமாடங்களை முதலில் கண்டுபிடியுங்கள். அதைச் சுற்றி முற்றம் முற்றமாகத் தெரியும் சதுரங்களே நீங்கள் நுழையப்போகும் ஹான்கள்.

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட இறக்கம், உலு ஜாமி. 14ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் யில்திரிம் எனப்படும் சுல்தான் முதலாம் பயஸித் கட்டியது. 12 தூண்கள், 20 குவிமாடங்கள். நடுக் குவிமாடம் ஒரு காலத்தில் வானம் பார்க்கத் திறந்திருந்தது, இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே, தொழுகைக் கூடத்துக்கு உள்ளேயே ஒரு நீரூற்று. வெளியே அங்காடி இரைச்சல், உள்ளே தண்ணீர் விழும் சத்தம். பெண்களுக்குத் தலையை மூடத் துணி வேண்டும், காலணியைக் கையில் எடுத்துச் செல்ல ஒரு பை இருந்தால் வேறு வாசல் வழியாக வெளியேறலாம். வடக்கு வாசல் வழியாக வெளியே வாருங்கள், அது உங்களை நேராகச் சந்தைக்குள் இறக்கிவிடும்.

வந்ததும் எமிர் ஹான். ஓர்ஹான் காலத்தது, இந்த ஊர் ஹான்களில் மிகப் பழையது. இங்கே சுவரை ஒரு நிமிடம் கிட்டத்தில் பாருங்கள். வெட்டிய கல் ஒரு வரி, அதன்மேல் தட்டையான மெல்லிய செங்கல் இரண்டு மூன்று வரி, மறுபடி கல். செங்கல்களுக்கு நடுவே உள்ள சுண்ணாம்புச் சாந்து செங்கல் அளவுக்கே தடிமன். இந்த அடுக்கைக் கண் பழகிக்கொண்டால் போதும், சந்தையில் எது பழையது, எது தீக்குப் பின் எழுந்தது என்று நீங்களே சொல்லிவிடலாம். கீழ்த்தளத்து அறைகளுக்கு ஜன்னல் கிடையாது, சரக்குக்கு வெளிச்சம் எதற்கு! மேல்தளத்து அறைகளுக்கு ஜன்னலும் கணப்படுப்பும் உண்டு, அங்கே தங்கியது மனிதர்கள்.

அடுத்து பெதெஸ்தென். ஆறு தூண்கள், இரண்டு வரிசையில் 14 குவிமாடங்கள், நான்கு பக்கமும் வாசல். விலையுயர்ந்த துணியும் நகையும் பூட்டிவைக்கும் பாதுகாப்பு மண்டபமாகக் கட்டினார்கள். இன்றும் உள்ளே நகைக்கடைகள்தான். நம்மவர்கள் அதிகம் நிற்கும் இடமும் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

துருக்கியில் காரட்டை 'அயார்' என்பார்கள். வளையல்கள் பெரும்பாலும் 22 அயார், 916 முத்திரை. மெல்லிய சங்கிலி, மோதிரம், கல் வைத்த நகைகள் பெரும்பாலும் 14 அயார், 585 முத்திரை. பார்வைக்கு இரண்டும் ஒரே பளபளப்பில் இருக்கும், கேட்காமல் எடுத்துவிட்டு ஊரில் வந்து உரைத்துப் பார்த்து வருந்துகிறவர்கள் உண்டு. விலை என்பது எடையை அன்றைய கிராம் விலையால் பெருக்கி, அதன்மேல் 'இஷ்சிலிக்'. நம்மூர்ச் செய்கூலியேதான். கிராம் விலை பலகையில் ஓடிக்கொண்டிருக்கும், அதில் பேரம் இல்லை. பேரம் பேச வேண்டியது இஷ்சிலிக்கில். திருப்பி விற்றால் அது கைக்கு வராது. எடையை உங்கள் கண்முன் போடச் சொல்லுங்கள், கல்லின் எடை தங்க விலையில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள், முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், 'ஃபாதுரா' எனப்படும் பில்லில் அயாரும் கிராமும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். நினைவுக்கு ஒரு சிறு பொருள் போதுமென்றால் 'செய்ரெக்' என்ற கால் தங்கக் காசு நல்லது: 1.75 கிராம், 22 அயார். துருக்கித் திருமணங்களில் மொய்யாக இதைத்தான் மணமக்களின் உடையில் குத்துவார்கள்.

பெதெஸ்தெனிலிருந்து கோஸா ஹான். புர்சாவில் ஒரே ஒரு இடத்தில் உட்கார நேரமுண்டு என்றால் இங்கே உட்காருங்கள். 1491இல் முடிந்த கட்டடம், 95 அறைகள். முற்றத்தின் நடுவில் எண்கோணத் தொழுகை அறை ஒன்று தூண்களின் மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது, அதன் அடியில் நீர்த்தொட்டி. மரங்களுக்குக் கீழே தேநீர் மேசைகள். 'கோஸா' என்றால் பட்டுக்கூடு. சுற்றுவட்டார ஊர்களில் புழு வளர்த்தவர்கள் கோடையில் கூடுகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இந்த முற்றத்தில்தான் விற்றார்கள். அதற்கும் முன்னால் ஈரானிலிருந்து ஒட்டக வரிசைகளில் கச்சாப் பட்டு இந்த ஊருக்கு வந்தது. தக்காணத்துக்கும் இந்தச் சந்தையோடு தொடர்பு உண்டு: பாமினி சுல்தானகத்தின் அமைச்சர் மஹ்மூத் கவானின் ஆட்கள் 15ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணிகளோடு புர்சாவுக்கு வந்து வணிகம் செய்திருக்கிறார்கள்.

இப்போது அறைகள் முழுக்கப் பட்டுச் சால்வைக் கடைகள். தேநீரை மேசையில் குடித்துவிட்டு முதலில் விலை மட்டும் கேட்டு ஒரு சுற்று வாருங்கள், மேல்தளத்தையும் விடாதீர்கள். வட்டாரத்தில் புழு வளர்ப்பு மிகவும் சுருங்கிவிட்டது. "புர்சா பட்டு" என்று சொல்லி விற்பதெல்லாம் இங்கே விளைந்த நூல் அல்ல. நூல் எங்கிருந்து, நெசவு எங்கே, அச்சிட்டது எங்கே என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்வார்.

சால்வையில் தைத்திருக்கும் சீட்டில் 'இபெக்' என்றால் பட்டு. 'சுனி இபெக்' என்றால் செயற்கைப் பட்டு, 'விஸ்கோன்' என்றால் விஸ்கோஸ். நூறு சதவீதம் என்று எழுதாத சீட்டு பட்டுக் கலவையாக இருக்கலாம். மோதிரத்துக்குள் சால்வையை இழுத்துக் காட்டும் வித்தையை நம்பாதீர்கள், மெல்லிய பாலியெஸ்டரும் மோதிரத்தில் நுழையும். நூலை எரித்துப் பார்ப்பதே உருப்படியான சோதனை. ஓரத்திலிருந்து ஒரு இழை எடுத்துக் கொளுத்தினால் பட்டு தலைமுடி கருகும் வாடையோடு மெல்ல எரிந்து, தீயை எடுத்ததும் அணைய முயலும், கரி விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். விஸ்கோஸ் காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். கம்பளிக்கும் முடி வாடைதான் வரும், அதனால் கலவைத் துணியில் வாடையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். குறுக்கிழை, நெடுக்கிழை இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஓரத்தையும் பாருங்கள். கையால் சுருட்டித் தைத்த விளிம்பு உருண்டு தடித்திருக்கும், தையல் இடைவெளி கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். எந்திர விளிம்பு தட்டையாக, ஒரே சீராக ஓடும். கைத்தையலுக்கு விலை கூடுவது நியாயம். வழக்கமான சதுரச் சால்வை 90 செ.மீ.க்கு 90 செ.மீ. வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய சாய்கோடுகள் தெரிவது ட்வில் நெசவு, அது மடிப்பைத் தாங்கும். அடர்நிறச் சால்வை என்றால் ஈரமான வெள்ளைக் காகிதத்தால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் போகுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒன்று வாங்கினால் அதிகம் குறைக்க மாட்டார்கள், மூன்று எடுத்துக்கொண்டு "இந்திரிம் வார் மி?" (தள்ளுபடி உண்டா?) என்று கேட்டால் பலன் இருக்கும். அவர்கள் தரும் தேநீரைக் குடித்ததற்காக எதையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை, அது மரியாதை மட்டுமே.

கோஸா ஹானுக்குப் பக்கத்திலேயே எஸ்கி ஐனாலி சார்ஷி. ஓர்ஹான் காலத்து ஹமாம் (பொதுக் குளியல் கூடம்) ஒன்றைக் கடைகளாக மாற்றியிருக்கிறார்கள். குவிமாடத்தில் வட்ட வட்டமாக வெளிச்சத் துளைகள் இன்னும் இருக்கின்றன, அண்ணாந்து பாருங்கள். இங்கே கராகோஸ் நிழற்பாவைகள் கிடைக்கும். அந்த நிழற்கூத்தின் இரண்டு நாயகர்களான கராகோஸும் ஹாஜிவாத்தும் ஓர்ஹான் பள்ளிவாசல் கட்டுமானத்தில் வேலை செய்தவர்கள் என்பது ஊர்க்கதை. உண்மையான பாவை ஒட்டகத் தோலில் செய்தது. விளக்குக்கு நேரே பிடித்தால் நிறம் இரு பக்கமும் ஊடுருவித் தெரியும், தோலின் அடர்த்தி இடத்துக்கிடம் மாறும். முழுக்க ஒரே சீராகக் கண்ணாடி போலத் தெரிந்தால் அது பிளாஸ்டிக்.

ஃபிதான் ஹான், கெய்வே ஹான், இபெக் ஹான் மூன்றுக்கும் தலா பத்து நிமிடம் கொடுங்கள். சுற்றுலாக் கூட்டம் இவற்றில் குறைவு, கடைக்காரர்களே வந்து தேநீர் குடிக்கும் முற்றங்கள். மேற்குப் பக்கம் இருக்கும் பிரிஞ்ச் ஹான் இப்போது இளைஞர்கள் கூடும் தேநீர்க்கடைகளாகிவிட்டது. நேரமில்லை என்றால் அதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

மதியத்துக்குமேல் வடக்கே இறங்கி துஸ் பஸாரி, அதாவது உப்புச் சந்தை. பெயர்தான் உப்பு, விற்பது எல்லாத் தின்பண்டமும். கெம்லிக் கறுப்பு ஆலிவ் இந்த மாகாணத்தின் பெருமை. பெட்டியில் 201-230 போன்ற எண் இருந்தால் ஒரு கிலோவுக்கு எத்தனை காய் என்று பொருள், எண் சிறுத்தால் காய் பெருக்கும். ருசி பார்க்கத் தருவார்கள், உப்பு எவ்வளவு என்பதை அப்போதே கவனியுங்கள். கால் கிலோவுக்கு 'இகி யூஸ் எல்லி கிராம்', அரை கிலோவுக்கு 'யாரிம் கிலோ' என்று கேட்கலாம். ஊருக்குக் கொண்டுவர 'வாகும்' என்று சொன்னால் காற்றை உறிஞ்சிக் கட்டித் தருவார்கள், எண்ணெய் கசியாது. மிஹாலிச் என்ற கெட்டிப் பாலாடைக்கட்டி உப்பு கூடியது, துண்டு வாங்கித் தின்று பாருங்கள், மூட்டையாக வாங்காதீர்கள். பால் பொருளைச் சொந்த ஊர் சுங்கத்தில் விடுவார்களா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனிப்பென்றால் 'கெஸ்தானே ஷெகெரி', பாகில் ஊறிய செஸ்நட் கொட்டை. தோலுரித்து, உடையாமல் வேகவைத்து, பாகில் ஊறவிட வேண்டிய வேலை என்பதால் முழுக்கொட்டைக்கு விலை அதிகம். உடைந்தது மலிவு, ருசி அதேதான், வீட்டுக்கு அதை வாங்குங்கள். பாகோடு கண்ணாடிக் குப்பியில் இருப்பதைக் கைப்பையில் போட்டால் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள், திரவக் கணக்கில் வரும். தனித்தனியாகக் காகிதம் சுற்றியது வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. புர்சாக் கத்தி வாங்கினால் அதையும் கைப்பையில் வைக்காமல், விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் மட்டும்தான் போட வேண்டும்.

குளியல் துண்டு வாங்காமல் புர்சாவைவிட்டு வருகிறவர்கள் குறைவு. 'கிராமாஜ்' கேளுங்கள், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. 400 பக்கம் இருந்தால் சீக்கிரம் உலரும், நம் ஊர் மழைக்காலத்துக்கு அதுதான் ஏற்றது. 550, 600 என்றால் தடித்து மெத்தென்றிருக்கும், ஈரம் போக நேரமாகும். கடையில் வழுவழுவென்று இருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். மென்மைக்காகப் போட்ட பூச்சு முதல் சில சலவைகள் வரை தண்ணீரை உறிஞ்சவிடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், உருண்டு நின்றால் பூச்சு அதிகம். செம்புப் பாத்திரம் சமையலுக்கு என்றால் உள்ளே 'கலாய்' பூசியதா என்று கேளுங்கள். நம் ஊரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் அதுவே, அதற்கு நம்மிடமும் 'கலாய்' என்ற சொல் உண்டு. பளபளப்புப் பூச்சு போட்ட அலங்காரச் செம்பில் புளி ஊற்றிச் சமைக்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு இஸ்கெந்தெர் கெபாப் பிறந்த ஊர் இது. கிழித்த பீதே ரொட்டிமேல் மெல்லிய இறைச்சிச் சீவல், தக்காளிச் சாறு, ஓரத்தில் தயிர், மேசையில் கொண்டுவந்து கொதிக்கும் வெண்ணெய் ஊற்றுவார்கள். பசி அதிகமென்றால் 'பிர் புசுக்', ஒன்றரைப் பங்கு. சைவக்காரர்களுக்கு எள்ளு விழுது தடவிச் சுட்ட 'தாஹின்லி பீதே' இருக்கிறது, இரண்டு பேர் ஒன்றைப் பங்கிடலாம். பருப்பு சூப்பை இறைச்சிச் சாற்றில் செய்யும் இடங்கள் உண்டு, 'எத் சுயு வார் மி?' என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். காபி கேட்கும்போதே சர்க்கரை அளவைச் சொல்லிவிட வேண்டும்: சர்க்கரையில்லாமல் 'சாதே', நடுத்தரம் 'ஓர்தா'. பொடியோடு சேர்த்தே காய்ச்சுவதால் பிறகு கலக்க முடியாது.

பணத்துக்கு: ரூபாயை அங்கே மாற்றுவது கடினம், டாலரோ யூரோவோ கொண்டுபோங்கள். மாற்றுக்கடைப் பலகையில் 'அலிஷ்' என்ற பத்தியே உங்களுக்கு உரியது, அவர்கள் வாங்கும் விலை அது. பக்கத்தில் பெரிதாக இருக்கும் 'சதிஷ்' எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். அட்டையில் கொடுத்தால் எந்திரம் லிராவா, உங்கள் நாட்டுப் பணமா என்று கேட்கும். லிராவைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் எந்திரம் தன் சொந்த விகிதத்தைப் போடும்.

மழை நாளில் ஹான் முற்றங்களின் தேய்ந்த கற்களும் சந்துப் படிகளும் வழுக்கும், ரப்பர் அடி உள்ள காலணியே நல்லது. கால் இன்னும் தாங்கினால் கிழக்கே இருபது நிமிடம் நடந்து இர்காந்தி பாலம் வரை போகலாம். 1442இல் கட்டியது, பாலத்தின்மேலேயே இரு பக்கமும் கடைகள். 1855 நிலநடுக்கத்தில் சேதமாகி, 1922இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, பிறகு மறுபடி கட்டப்பட்டது. இன்று அதில் கைவினைக் கடைகள் இருக்கின்றன. முதான்யாவிலிருந்து திரும்பும் கடைசிப் படகு மாலையில் சீக்கிரமே கிளம்பிவிடும். போகும்போதே திரும்பும் சீட்டையும் எடுத்துவிட்டு, பாலத்திலிருந்து துறைக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.